ஏழாவது குழாயில் இருந்த நூல்

பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் எஞ்சின் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்று கணக்கிட்டுச் சொல்வதே என் உத்தியோகமாக இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் அதைச் செய்தேன். ஒரே ஒரு முறை, தெரிந்தே தவறான எண்ணைக் கொடுத்தேன். அதை மறைக்க ஒரு சாண் நூலை வெட்டி எறிந்தேன். அந்த நூலைக் கட்டியவர் இன்றும் கோயம்புத்தூரில், என் வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறினால் போய்விடக்கூடிய தூரத்தில், தன் கைகளை நம்பாமல் வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

என்ன நடந்தது என்று புரிய, அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தரையில் எஞ்சினின் உந்துவிசையை அளப்பது சுலபம். அதை ஒரு இரும்புச் சட்டத்தில் பிணைத்து ஓடவிட்டால், அது சட்டத்தை எவ்வளவு தள்ளுகிறது என்று தராசு போன்ற ஒரு கருவி காட்டிவிடும். வானத்தில் அப்படி ஒரு தராசு கிடையாது. அங்கே சுற்றி வளைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எஞ்சினின் பின்பக்கம், வெந்த காற்று வெளியேறும் வழியில், சீப்புப் போல ஒரு சட்டத்தில் சிறு சிறு குழாய்களைக் காற்றை எதிர்நோக்கிப் பொருத்துவோம். ஒவ்வொரு குழாயும் தன் வாயில் வந்து மோதும் அழுத்தத்தை, குச்சி போல மெலிந்த உலோகக் குழல் வழியாக ஒரு பெட்டிக்குள் இருக்கும் கருவிக்குக் கொண்டுபோகும். அந்த அழுத்தங்களையும் வெப்பத்தையும் வெளிக்காற்றின் நிலையையும் வைத்து, எஞ்சின் பின்னால் தள்ளும் விசையைக் கணக்கிடுவோம். அது ஒரு பெரிய எண். எஞ்சின் முன்பக்கம் காற்றை விழுங்குவதால் ஏற்படும் எதிர்ப்பு இன்னொரு பெரிய எண். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவதுதான் விமானத்துக்குக் கிடைக்கும் உந்துவிசை.

பஞ்சு லாரியை எடைமேடையில் ஏற்றி எடை எடுத்துவிட்டு, பிறகு வெறும் லாரியை எடைபோட்டுக் கழிப்பது போன்றது இது. லாரி நிறையப் பஞ்சு இருந்தால் கவலையில்லை. ஒரே ஒரு மூட்டைதான் இருக்கிறது என்றால், லாரியின் எடையில் வரும் சின்னப் பிசகு மூட்டையின் எடையையே தின்றுவிடும். ஆகவே எங்களுக்கு ஒவ்வொரு குழாயும் முக்கியம். குழாயின் இணைப்பில் ஊசி நுழையாத அளவு கசிவு இருந்தாலும் அழுத்தம் குறைவாகத் தெரியும். எஞ்சின் பலவீனமானதா, குழாய் கசிகிறதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. இரண்டும் தாளில் ஒரே மாதிரிதான் தெரியும்.

கசிவு பார்ப்பவர்தான் நான் சொல்லவந்த மனிதர். விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் எங்கள் ஹேங்கரில் கருவிகளைப் பொருத்தும் டெக்னீஷியன். என்னைவிட எட்டு வயது இளையவர். வேலை பார்த்தது வேறு மாநிலத்துப் பெரிய நகரம். அந்தக் குழுவில் கோயம்புத்தூர்க்காரர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கிணத்துக்கடவுப் பக்கம், வீட்டில் தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பம். அவர் புலியகுளத்துக் கத்தோலிக்கர். அவருடைய மனைவி கோயம்புத்தூரிலேயே ஒரு சாய நூல் மில்லில் வேலை பார்த்தார். மாதம் ஒரு முறை ஊருக்குப் போய்விட்டு வரும்போது, மில்லில் கழித்துப் போட்ட நூல் துண்டுகளை மனைவியிடம் கேட்டு வாங்கிப் பையில் கொண்டுவருவார்.

அந்த நூல்தான் அவருடைய முத்திரை. குழாயின் வாயை அடைத்து, கைப்பம்பால் காற்றேற்றி, அழுத்தமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பார். எவ்வளவு நேரம் என்பதற்குக் கடிகாரம் பார்க்கமாட்டார். மனத்துக்குள் பத்து முறை 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிப்பார்.

"மணி பார்க்கக் கண்ணை எடுத்தா, அந்த நேரம் பார்த்து முள்ளு எறங்கிப்போடுமுங்க சார்" என்பார்.

பத்தும் முடியும்வரை முள் அசையாமல் நின்றால், பெட்டிப் பக்கம் இருக்கும் முனையில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவார். குழாய்களைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் வேறு நிறம், பழைய நூலும் புதிய நூலும் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக. சோதனைத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் எல்லோரும் பத்துத் தாளுக்கு மொத்தமாகக் கையெழுத்துப் போடுவார்கள் என்பதும் ஹேங்கரில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே கையெழுத்தை யாரும் மதிப்பதில்லை. அவருடைய நூலை எல்லோரும் மதித்தார்கள். "நூல் இருக்கா?" என்று கேட்பார்கள். இருந்தால் பேச்சு முடிந்தது. நூல்காரர் என்றே அவருக்குப் பெயர்.

நாங்கள் அப்போது ஒரு புதிய எஞ்சினைச் சோதித்துக்கொண்டிருந்தோம். இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒரு பக்கம் பழைய, நம்பகமான எஞ்சின். மறுபக்கம் எங்களுடையது. சீப்பில் பன்னிரண்டு குழாய்கள். பன்னிரண்டிலும் நூல் கட்டியாகிவிட்டது. முதல் பறப்பு நல்லபடி முடிந்தது. நான் தாள்களை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஏழாவது குழாயின் அழுத்தம் மட்டும் குறைவாக இருந்தது. மற்ற பதினொன்றும் ஒன்றாக நிற்க, அது மட்டும் சோர்ந்து கீழே நின்றது. பன்னிரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், நான் முன்கூட்டியே எழுதிக்கொடுத்திருந்த உந்துவிசையைவிடக் குறைவாக வந்தது. ஏழாவதை நீக்கிவிட்டுக் கணக்கிட்டேன். நான் சொன்ன எண், கோடு போட்டது போல அப்படியே வந்தது.

அந்த நேரத்தில் எனக்கு உண்டான சந்தோஷத்தை இன்று நினைத்தால் கூசுகிறது. என் கணக்கு சரி, குழாய் கெட்டிருக்கிறது. அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. மறுநாள் இரண்டாவது பறப்பு. அதற்கு அடுத்த நாள் மேலிடத்துக் கூட்டம். எஞ்சினைத் திறந்து பார்ப்பது என்றால் வாரக்கணக்கில் ஆகும்.

ஹேங்கருக்குப் போய் அவரிடம் சொன்னேன், "ஏழாவது லீக் ஆகுதுப்பா."

அவர் துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தார். "லீக் இல்லைங்க சார். நானே ரெண்டு வாட்டி பார்த்துப்போட்டுத்தான் நூல் கட்டுனேன்."

"அப்ப எஞ்சின்தான் லீக்கா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார், "ஒரு அரை மணி நேரம் குடுங்க சார். மறுபடி காத்தேத்திப் பார்த்துடறேன். லீக்கா இருந்தா என் காதைப் புடிச்சுத் திருகுங்க."

அரை மணி நேரம்தான் கேட்டார். அதைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. "வேண்டாம். பதினொன்னு போதும். அதை விட்டுடு" என்றேன்.

ஏன் வேண்டாம் என்றேன் என்பதைப் பல வருடங்கள் எனக்கு நானே வேறு மாதிரி சொல்லிவந்தேன். நேரமில்லை, பெட்டியைத் திறந்தால் வேறு ஏதாவது கலைந்துவிடும், அப்படி, இப்படி. உண்மை ஒன்றுதான். அவர் பார்த்தால் கசிவு இருக்காது என்று எனக்கு உள்ளூரத் தெரிந்திருந்தது. கசிவு இல்லை என்றால், குறைவாகத் தெரிந்த அந்த அழுத்தம் எஞ்சினுடையது. அது எனக்கு வேண்டியிருக்கவில்லை. அறிக்கையில் எழுதினேன்: ஏழாவது குழாயில் கசிவு, கணக்கில் சேர்க்கப்படவில்லை.

மறுநாள் காலை, பறப்பின் பாதியில் எங்கள் எஞ்சின் பெரும் சத்தத்தோடு நின்றது. விமானி மற்ற எஞ்சினை வைத்துக்கொண்டு திரும்பி வந்து இறங்கினார். யாருக்கும் அடிபடவில்லை. விமானி படியில் இறங்கி வந்து, தரையைக் காலால் ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு நடந்து போனார்.

எஞ்சினுக்குள்ளிருந்து பிய்ந்து வந்த துண்டுகள் சீப்பையும் அதன் குழாய்களையும் பிய்த்துக்கொண்டு போயிருந்தன. ஆகவே ஏழாவது குழாய் கசிந்ததா என்று இனி யாரும் சோதிக்க முடியாது. ஆனால் பெட்டிப் பக்கத்து முனைகள் அப்படியே இருந்தன. பெட்டியின் மூடியை முதலில் திறந்தவன் நான். என் பொறுப்பில் இருந்த பெட்டி. கூட யாரும் இல்லை. பன்னிரண்டு முனைகளிலும் நீல நூல், இரண்டு சுற்று, முடிச்சு.

விசாரணை வரும் என்பது தெரியும். முந்தைய பறப்பில் ஏதாவது அறிகுறி தென்பட்டதா என்று கேட்பார்கள். என் அறிக்கையில் 'கசிவு' என்று இருக்கிறது. ஏழாவதில் நூலும் இருக்கிறது. நூல் இருந்தால் கசிவு இருக்க முடியாது என்று அந்த ஹேங்கரில் தரை பெருக்குகிறவருக்கும் தெரியும்.

சாவிக்கொத்தில் நகவெட்டி இருந்தது. அதைக் கொண்டு ஏழாவது நூலை வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் அலுவலகப் பேருந்தில் போகும்போது ஜன்னல் வழியாக எறிந்தேன். மழைக்காற்று. நூல் என் விரலில் ஒட்டிக்கொண்டது. இரண்டு முறை உதற வேண்டியிருந்தது.

விசாரணை ஆங்கிலத்தில் நடந்தது. அவருக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. ஊர்க்காரன் என்பதால் என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார்கள். ஏழாவது குழாயைச் சோதித்தாரா என்று கேட்டார்கள்.

"பார்த்தேனுங்க. நூல் கட்டுனேனுங்க."

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவரைப் பெட்டியருகே அழைத்துப் போனார்கள். குனிந்து பார்த்தார். ஒன்று, இரண்டு என்று விரல் வைத்து எண்ணிக்கொண்டே வந்தார். ஏழில் விரல் நின்றது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். மறுபடி ஏழில் நின்றது. பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

அரை மணி நேரம் கேட்டேனே, நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் என்று அவர் சொல்லவில்லை. நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் என் கையிலிருந்த தாளைப் பார்த்தேன்.

"அப்ப ஏழாவதை உட்டுப்போட்டனாட்ட இருக்குதுங்க" என்றார்.

இதை ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

அவரைக் கருவிப் பிரிவிலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் போட்டார்கள். அவரைப் பற்றி என் கருத்தைக் கேட்டபோது, 'மிக நேர்த்தியான வேலைக்காரர். இது அவருடைய ஒரே தவறு' என்று எழுதிக்கொடுத்தேன். இரக்கத்தோடு நடந்துகொண்டதாக அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஒரு வருடத்துக்குள் அவர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

அவர் போன பிறகு எஞ்சினைப் பிரித்துப் பார்த்த அறிக்கை என் மேசைக்கு வந்தது. டர்பைனுக்கு முன்னால் காற்றைத் திருப்பிவிடும் தகடுகளில் ஒன்று வெந்து வளைந்திருந்திருக்கிறது. முதலில் காற்றை மறித்திருக்கிறது, பிறகு உடைந்திருக்கிறது. அது இருந்த இடம், சீப்பின் ஏழாவது குழாய்க்கு நேர் எதிரே. அவர் நூல் கட்டிய குழாய் அதைத்தான் ஒரு நாள் முன்னதாகச் சொல்லியிருக்கிறது. அந்த அறிக்கையையும் பழைய தாளையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டிய ஒரே ஆள் நான். பார்த்தேன். படித்ததாகக் கையெழுத்திட்டு அடுத்த மேசைக்கு அனுப்பினேன்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தேன். மனைவி காலமானாள். ஆறு வருடத்துக்கு முன், கிணத்துக்கடவுத் தோப்பின் பம்பு கெட்டுப்போய், புதிதாக ஒன்று வாங்கக் கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். பம்புகளைத் தொட்டியில் ஓட்டிப் பார்த்துக் கொடுக்கும் இடத்தில், அழுத்தமானிக்குப் போகும் குழாயில் ஒரு மஞ்சள் நூல் கட்டியிருந்தது. இரண்டு சுற்று, முடிச்சு. குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தேன்.

"ஏனுங்க சார்! நீங்களா!" என்று தொட்டிக்குப் பின்னாலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பட்டறையில் இருந்தவர்களிடம் என்னைக் காட்டி, "வானத்துல போற எஞ்சின் எவ்வளவு தள்ளுதுன்னு தாள்லயே சொல்லிப்போடுவாரு. நானெல்லாம் சும்மா பைப்பு மாட்டுனவன்" என்றார். அன்றே வீட்டுக்கு அழைத்துப் போனார்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் மாதம் இரண்டு ஞாயிறு அங்கே போகத் தொடங்கினேன். சர்ச்சில் பூசை முடிந்து அவர்கள் வந்ததும் நானும் போய்ச் சேருவேன். அவருடைய மனைவி சாப்பாடு போடுவார். சொல்லிவிடத்தான் ஒவ்வொரு முறையும் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது உண்மையில்லை. தனியாக இருப்பவன், சாப்பிடப் போனேன்.

போகப் போகத்தான் கவனித்தேன். அவர் எதையும் ஒரு முறை செய்து விட்டுவிடமாட்டார். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு வந்து உட்காருவார், எழுந்து போய்ப் பார்ப்பார், மறுபடி போவார். வாசல் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பி வருவார்.

"இவரைக் கூட்டிக்கிட்டு வேளாங்கண்ணிக்கா போறது? ஈரோட்டுலயே எறங்கி ஊடு பூட்டியிருக்குதான்னு பார்க்க வந்துருவாருங்க" என்று அந்தம்மாள் கேலி செய்தார்.

"ஈரோடுவரைக்கும் போவனா? ஊரைத் தாண்டறதுக்குள்ள பீளமேட்டுலயே எறங்கிடுவேன்" என்றார் அவர். சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகு என் பக்கம் திரும்பி, சாதாரணமாகச் சொன்னார், "ஏழாவதை உட்டுப்போட்டதுக்கு அப்புறந்தானுங்க சார் இப்படி. கட்டுனேன்னு கண்ணுல தெரியுது. முடிச்சுப் போட்டது வெரல்ல தெரியுது. ஆனா அங்க நூல் இல்லையே. அப்ப என் கண்ணும் வெரலும் என்னை ஏமாத்துதுன்னுதானே அர்த்தம்? அன்னைக்கு ஒரு உசுரு போயிருக்குமுங்க."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். தொடர்ந்து பிசைந்தேன்.

"நீங்க மட்டும் என்னைக் கைவிடலை சார். 'நேர்த்தியான வேலைக்காரர்'னு எழுதிக் குடுத்தீங்க. பெரிய ஆபீசர் எனக்குப் படிச்சுக் காமிச்சாரு."

இப்படி ஐந்து வருடத்துக்கும் மேல் போயிற்று. பட்டறை வேலையையும் அவர் நிறுத்திவிட்டார். சென்ற வருடம் அவருடைய மகள் பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. ஒரு ஞாயிறு நான் போனபோது, உத்திரத்தில் சேலைத் தொட்டில் கட்டி அதில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் ஸ்டூல் மேல் ஏறி நின்று முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தம்மாள் சொன்னார், "காத்தாலருந்து நாலாவது வாட்டி ஏறறாருங்க. முடிச்சை ஆயிரம் தடவை பார்ப்பாரு. புள்ளைய மட்டும் தொடமாட்டாரு. பொறந்து ரெண்டு மாசம் ஆகுது, ஒரு வாட்டி தூக்கலைங்க."

"கை உட்டுப்போட்டா?" என்றார் அவர், ஸ்டூலிலிருந்து இறங்காமல்.

"எதுக்குங்க உடும்? என்ன கையா, கழுவுன மீனா?"

"உனக்குத் தெரியாது அம்மணி" என்றார். குரலில் கேலியே இல்லை.

குழந்தை விழித்து அழுதது. தொட்டிலுக்கு மிக அருகில் நின்றவர் அவர்தான். இரண்டு கைகளும் தொட்டில் பக்கம் போயின. போய், பாதியில் நின்றன. "இந்தா, புள்ளை அழுகுது, புள்ளை அழுகுது" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். மகள் வந்து தூக்கிக்கொண்டு போனாள்.

அதைப் பார்த்த பிறகுதான் என்னால் முடிந்தது. அவரை உட்காரச் சொன்னேன். அந்தம்மாள் கதவருகே பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏழாவதுல நூல் இருந்துச்சு" என்றேன். "நீங்க கட்டியிருந்தீங்க. நான்தான் வெட்டினேன்."

அவர் சிரித்தார். "சும்மா இருங்க சார்."

"நெசமாச் சொல்றேன். குழாய் கசியலை. எஞ்சின்லதான் கோளாறு. ஏழாவதுக்கு நேரா ஒரு தகடு வெந்து போயிருந்துச்சு. உங்க குழாய் சொன்னது சரி. நான் என் கணக்கைக் காப்பாத்திக்கறதுக்காக நூலை வெட்டிப் பஸ்ஸுலருந்து எறிஞ்சுட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். அவர் அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன். அடித்தால் நல்லது என்று நினைத்தேன். அவர் கண்ணில் வந்தது கோபம் இல்லை. கனிவு.

"புள்ளைய நான் தூக்கலைன்னு உங்களுக்கு மனசு கேக்கலை. அதுக்காக உங்க தலையில பழியப் போட்டுக்கறீங்க. எனக்குத் தெரியாதுங்களா?"

"இல்லை, சத்தியமா."

"சரி, என்ன நெறம்னு சொல்லுங்க, பார்க்கலாம்."

"நீலம்."

அவர் தொடையில் தட்டினார். "பார்த்தீங்களா! அந்தத் தடவை பச்சைங்க சார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. உங்களுக்குப் பொய் சொல்ல வராதுங்க."

நீலம் என்று மறுபடி சொன்னேன். பச்சை என்றார். என்னிடம் வேறு என்ன இருக்கிறது? நூலை எறிந்துவிட்டேன். பழைய தாள்கள் எல்லாம் எப்போதோ கிழித்துப்போடப்பட்டிருக்கும். தன்னுடைய கண்ணையும் விரலையும் நம்பாத மனிதர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தன் ஞாபகத்தை உறுதியாக நம்பினார். அதுவும் தனக்கு எதிராக. வாதாடிக்கொண்டே இருந்ததில் ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பச்சையாக இருந்திருக்குமோ? எழுந்துகொண்டேன். அவர் என் தோளைத் தட்டி, "உங்க நல்ல மனசுக்கு ஒரு கொறையும் வராதுங்க" என்றார்.

அந்தம்மாள் வாசல்வரை வந்தார். பூண்டுத் தோல் முந்தானையில் ஒட்டியிருந்தது. தெருவில் இறங்கிய பிறகு, தணிந்த குரலில் சொன்னார்.

"நீலந்தானுங்க."

நான் நின்றேன்.

"அந்த மாசம் மில்லுல நீலந்தான் ஓடுச்சு. நான்தான் சுத்தி ஒரு பையில போட்டுக் குடுத்துவிட்டேன். அதுதான் கடைசி. அதுக்கப்புறம் அவரு அங்கருந்து நூல் கேக்கவே இல்லைங்க."

"நீங்களாவது அவருகிட்டச் சொல்லுங்கம்மா."

"சொல்றேனுங்க. அது என் பாடு." கதவைப் பாதி சாத்தினார். "எத்தனை ஞாயித்துக்கெழமை எங்கூட்டுல உக்காந்து சாப்பிட்டீங்க. மறுக்கா மறுக்கா உங்களுக்குச் சோறு போட்டேன். இனி வராதீங்க."

அப்போதும் 'ங்க' போட்டுத்தான் சொன்னார்.

அதன் பிறகு நான் போகவில்லை. ஆனால் அவர் ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் போன் செய்கிறார். ஏன் வரவில்லை என்கிறார். முழங்கால் வலி என்கிறேன். எண்ணெய் பேர் சொல்கிறார், காரமடையில் ஒரு வைத்தியர் இருப்பதாகச் சொல்கிறார், தானே வந்து கூட்டிப்போவதாகச் சொல்கிறார். வேண்டாம் என்கிறேன். எனக்கு முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது.

போன ஞாயிறு பேசும்போது சிரித்துக்கொண்டே கேட்டார், "ஏனுங்க சார், எங்கூட்டுக்காரியும் நீலம்ங்கறா. ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களாக்கும்?"

"இல்லைங்க. அவங்க சொல்றதுதான் நெசம்."

"ரெண்டு பேருக்கும் நல்ல மனசுங்க" என்றார். பின்னால் குழந்தையின் குரல் கேட்டது. உட்காரப் பழகியிருக்கும்.

"பேத்தியைத் தூக்குனீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க சார்" என்றார். "கொஞ்சம் வளரட்டுமுங்க. தானா நடந்து வரட்டும்." பிறகு, "ஒரு நிமிசம் இருங்க, கேஸை மூடுனனான்னு பார்த்துட்டு வாரேன்" என்று போனை வைத்துவிட்டுப் போனார். நான் காதிலிருந்து எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு, மறுபடி போனார்.